நோன்பு மாதத்து நீலம்

என் அன்பு அத்தாவுக்கு,

அன்பு என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மனசு முழுக்க உங்கள் மேல் கோபம்தான். நீங்கள் கண்ணை மூடிய பிறகு எத்தனை மாங்காய் சீசன் வந்து போய்விட்டது, அந்தக் கோபம் மட்டும் குறையவில்லை.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். டாக்டர் சந்தேகப்பட்ட சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வருஷத்தில் ஒரே மாதத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், ரமலான் மாதம். அதிலும் நோன்பு திறக்கப் போகும் நேரம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவீர்கள். சர்க்கரை இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். உங்களுடையது நீலமாகவே நிற்கும்.

"பாருடி, நீலமா நிக்குது. சக்கரையாம் சக்கரை! டாக்டருக்கு வேற வேலை இல்ல."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், அதன் பின்னாலேயே மல்கோவா மாம்பழம். அந்த ஒரு நீலத்தைக் காட்டியே வருஷம் முழுக்க மாம்பழமும் இனிப்புமாகத் தின்றீர்களே, யாரை ஏமாற்ற?

ஓசூர் ஃபேக்டரியில் லீவு போட்டு வந்து கெஞ்சினேன். "ரத்தத்துல பாக்கலாம் அத்தா. வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டப்புறம் ஒண்ணு." மண்டி ஆட்கள் முன்னால் சிரித்தீர்கள். "ஷிஃப்டுக்குப் போற பொண்ணு எனக்கு வைத்தியம் சொல்லுது பாருங்க!" கூடச் சிரித்தவர்கள்தான் உங்கள் ஜனாஸா தொழுகையில் நின்று நல்ல மனுஷன் என்றார்கள். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல இருந்தது.

செருப்புக் கடித்த புண் ஆறாமல் கறுத்தது. அப்போதுதான் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "வயசானவங்க பல பேருக்கு ரத்தத்துல சக்கரை ஏறிக் கிடந்தாலும் கிட்னி சீக்கிரத்துல வெளிய விடாதும்மா. சிறுநீர் நீலமாத்தான் காட்டும். அதுலயும் பட்டினி கிடந்து பாத்திருக்காரு." பல வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். காலை வெட்டி எடுத்தும் நீங்கள் பிழைக்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் தெரியுமா? அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக ஓயாத தாகம். சோதிக்கக் கூப்பிட்டால் என்ன சொன்னாள்? "நோன்பு வரட்டும்டி. உங்க அத்தா பாத்த மாதிரியே பாத்துக்கறேன்." உங்கள் விளக்கையும் குழாயையும் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். செத்தும் எங்களை விடவில்லையே நீங்கள்!

நேற்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் ஒரு முறை, இட்லி சாப்பிட்ட பிறகு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரையும் பார்த்தார்கள். சிறுநீர் நீலம். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் வைத்து அம்மா கேட்டாள். "அப்ப அவருக்கும் இப்படித்தான் இருந்துச்சா? நான்தானடி மாம்பழத்த அரிஞ்சு குடுத்தேன்."

இந்தக் கேள்விக்கு நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள் அத்தா.

உங்கள் குழாயைக் குப்பையில் போட்டுவிட்டேன். அம்மா தடுக்கவில்லை. இனி டாக்டர் சொல்லும்போதெல்லாம் அவள் ரத்தம் கொடுப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். உங்களை விட்டுவிட்டேன், அவளை விட மாட்டேன்.

உங்களை மன்னிக்க இன்னும் மனம் வராத,
உங்கள் மகள் ஜரீனா