சாவி என் சட்டைப்பையில்

டிரைவரம்மா, டிராக்டர் சாவியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்காதே. என் சட்டைப்பையில் இருக்கிறது.

நேற்று வண்டிக்குப் பின்னால் சுற்றும் ஷாஃப்ட் உன் துப்பட்டாவைச் சுருட்டி இழுத்தது. இற்றுப்போன துணி என்பதால் கிழிந்தது, நீ தப்பினாய். "பழசுதானே, விடுங்க" என்று சிரித்தாய். எனக்கு உயிரே போய்விட்டது. அதனால்தான் வேலையாட்கள் முன்னால் "மூடி மாட்டாமல் இனி வண்டியைத் தொடாதே" என்று கத்தினேன். கத்தியது தப்பு, சொன்னது தப்பில்லை.

ஷாஃப்டுக்கு மூடி வாங்கப் போகிறேன். அதை மாட்டியதும் சாவி உன் கையில்.

சாவி இல்லாமலே ஒயரை முறுக்கிக் கிளப்பிவிடுவாய் என்று தெரியும். பேட்டரியைக் கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். நடந்ததையும் சொல்லிவிட்டேன். தைரியமிருந்தால் போய்க் கேள்.

பி.கு.: குழம்பில் உப்புப் போட்டேனா, ஞாபகமில்லை. போன் பண்ணித் திட்டு. நேற்றிலிருந்து நீ பேசாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.