கதவோரம் நிற்பது நீங்களா?

ஏனுங்க மாமா,

நான்தான். நீங்கள் போன பிறகு திட்டுவதற்கு ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துப் போய்விட்டது. இன்று திட்டத்தான் எழுதுகிறேன்.

நம் செல்வி பெரிய மனுஷியாகிவிட்டாள். ஊரில் பஞ்சாயத்து டிவிப் பெட்டி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஊரே போகிறது, அவளை மட்டும் நான் அனுப்புவதில்லை. காமெடி வந்தால் என்ன செய்வேன்?

மாரியம்மன் பொங்கலன்று என் தம்பி ஏதோ கேலி பேசினான். சிரித்துக்கொண்டிருந்தவளின் தாடை தொங்கியது, முட்டி மடங்கியது, அப்படியே சரிந்துவிட்டாள். கண் மட்டும் விழித்திருந்தது. இப்படித்தானே நீங்களும் விழுவீர்கள்?

உங்களுக்கு முனி அடித்துவிட்டதென்று கயிறு கட்டினோம். ஏர் ஓட்டும்போதே தூங்கியதால் சோம்பேறி என்றார்கள், சிரித்து விழுந்ததால் குடிகாரர் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சிரித்தால் விழுவீர்கள், சண்டை போட்டால் விழமாட்டீர்கள். அதனால்தான் தினமும் உங்களை வம்புக்கு இழுத்தேன். கிணற்று மேட்டில் நின்று பங்காளி சொன்ன வேடிக்கைக்குச் சிரித்தீர்களே, அன்று நான் பக்கத்தில் இல்லை. தண்ணீரில் விழுந்த உங்களுக்குக் கையைக் காலை அசைக்கக்கூட முடியவில்லை.

புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி, சேலத்து நரம்பு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனேன். “மூளையில சில ரசாயனம் நம்மள முழிப்பா வச்சிருக்கும்மா, சிலது கனவுக்குள்ள தள்ளுது. கனவுல எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னு கை காலையும் தளர்த்திருது, மோட்டாருக்கு பீஸ் கட்டையப் புடுங்கற மாதிரி. உங்க பொண்ணுக்கு அது முழிச்சிருக்கறப்பவே நடக்குது” என்றார். ஏன் என்று கேட்டேன். அது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லையாம்.

தூங்கி எழும்போது கனவும் முழிப்பும் கலந்துவிடுமாம். இல்லாத ஆள் எதிரே நிற்பதுபோல் தெரியுமாம். மாத்திரை கொடுத்தார். விழுவது குறையும், அந்தக் கனவும் குறையும் என்றார்.

ஆனால் எதுவும் குறையவில்லை. நேற்று அவள் தலையணை உறையை உதறினேன். மாத்திரைகள் அத்தனையும் கொட்டின.

“ஏன் சாமி முழுங்கல?”

“முழுங்குனா அப்பா வரமாட்டாருங்கம்மா.”

விடிகாலையில் கதவோரம் நிற்கிறீர்களாம். அவளால் அசைய முடியாதாம், கூப்பிட முடியாதாம், பார்த்துக்கொண்டே கிடப்பாளாம். உங்கள் சட்டை நனைந்திருக்கிறதாம்.

“என்ன சொல்றாரு?”

“கெணத்து மேட்டுக்கு வா சாமி, சிரிச்சுப் பேசலாம்னு கூப்புடறாரு. ஒரு நாளைக்குப் போய்ப் பாக்கட்டுங்களா?”

அது நீங்கள் இல்லை, அவள் மூளை செய்கிற வேலை. டாக்டர் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவளுக்கு நனைந்த சட்டை எப்படித் தெரியும்? ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா?

என்னிடம் ஒரு நாள்கூட வரவில்லையே நீங்கள். பெற்ற மகள்மேல் பொறாமைப்படுகிறேன், சிரிக்காதீர்கள்.

கிணற்று மேட்டைச் சுற்றி முள் அடைத்துவிட்டேன். இன்று காலை மாத்திரையை என் கையாலேயே அவள் வாயில் போட்டு, விழுங்கும்வரை நின்றேன். “அப்பாவ நீங்கதான் தொரத்தறீங்க” என்று அழுதாள். ஆமாம், துரத்துகிறேன். நீங்களாகவே இருந்தாலும் துரத்துவேன். இனிமேல் வராதீர்கள் மாமா. அவளைக் கூப்பிடாதீர்கள்.

அவள் சிரிக்கட்டும். சிரிக்கும்போதெல்லாம் தாங்கிப் பிடிக்க நான் பக்கத்தில் இருப்பேன், இது சத்தியம். அங்கே பேச ஆள் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். இவளைக் கரை சேர்த்துவிட்டு நானே வாரேன், சண்டை போட.

உங்கள் மகளின் அம்மா,
சரசு