சவானா போகாத அனுமதிச் சீட்டு

பிப்ரவரி 6, செவ்வாய்

மழை. முழங்கால் காலையிலிருந்தே முனகுகிறது. சர்ச் செயலாளர் டெல்ஃபீன் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர் வெர்னா, மார்ச்ல நம்ம பெரியவங்களையெல்லாம் சவானாவுக்குக் கூட்டிட்டுப் போறோம். காலைல போய் சாயங்காலம் திரும்பணும். எங்க நிக்கறது, எங்க சாப்பிடறதுன்னு நீங்க போட்டுக் குடுங்க. முப்பத்தோரு வருஷம் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்கள மேய்ச்சீங்க, இந்தக் கிழடுங்கள மேய்க்க முடியாதா?"

சிரித்துக்கொண்டே சரி என்றேன். வேனை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

திட்டம் வளர்கிறது. மார்ச் நடுவில் வரும் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலக் கூட்டம் வடிந்த பிறகு போவது நல்லது. மார்ச் 23, சனி. அசேலியா பூத்திருக்கும். அந்தத் துறைமுக நகரத்தின் பழைய சதுக்கங்களில் மூன்று போதும். எழுபது வயதுக்கு மேல் ஒவ்வொரு சதுக்கமும் ஒரு பெஞ்சுதான். மதியம் இறாலும் சோளக்கஞ்சியும். ஆற்றங்கரைக்கு அந்தக் கல்படிகளில் இறங்கவே கூடாது, நகரமன்றத்துப் பக்கம் லிஃப்ட் இருக்கிறது. பெரிய சரக்குக் கப்பல்கள் துறைமுகத்துக்குப் போகும் நேரம் கணினியிலேயே கிடைக்கிறது. 23ஆம் தேதி இரண்டரை மணிக்கு ஒன்று.

கப்பல் நேரத்தை ஏன் முதலில் தேடினேன்? யாரும் கேட்கவில்லையே.

பிப்ரவரி 11, ஞாயிறு

வேன் ஓட்டப்போவது ருடெல் மின்சி. ஏசி பழுது பார்க்கிறவன், எங்கள் சர்ச் யூலா மின்சியின் மகன், என் பழைய மாணவன்.

"வழி தெரியாம முழிச்சா திட்டாதீங்க டீச்சர். நான் சவானா போனதே இல்ல" என்றான்.

டெல்ஃபீன் விடவில்லை. "ரெண்டு மணி நேரத்துல இருக்கற ஊர்டா! பட்டாளத்துல சேர்ந்து ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வந்த, இது தூரமாயிடுச்சா உனக்கு?"

"அந்தப் பக்கம் வேலை வரல, அவ்வளவுதான்."

என்னைப் பார்க்காமல் சொன்னான்.

பிப்ரவரி 12, திங்கள்

எழுதிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடமாக எங்கும் எழுதாததை.

எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் சவானா சுற்றுலா. பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இல்லாத பிள்ளை பஸ் ஏற முடியாது. விதி என்னுடையதல்ல, ஆனால் அதைக் கடைப்பிடிப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்த வருடம் நான் வாங்கி வைத்த சீட்டுகளில் ருடெலுடையது இல்லை. அவனுக்குப் பதின்மூன்று வயது. கப்பல் பார்க்கப்போவதாக ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன். "குடுத்தேன் டீச்சர்" என்றான். "பொய் சொல்லாதே" என்றேன், நாற்பது பிள்ளைகள் முன்னால். அவனை நூலகத்தில் உட்காரவைத்து, சவானாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் கரும்பலகையில் நூறு முறை: நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஜூனில் வகுப்பறையைக் காலி செய்தபோது, பெரிய அட்லஸில் சவானா ஆறு இருக்கும் பக்கத்தில் சீட்டு கிடைத்தது. யூலாவின் கையெழுத்து, நீல மையில். நான்தான் வாங்கி அடையாளத்துக்கு அங்கே செருகியிருக்கிறேன்.

அன்றே அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். விடுமுறை என்றேன். பிறகு அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான் என்றேன். பிறகு மிகத் தாமதமாகிவிட்டது என்றேன். பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த எடுத்துக்காட்டு: வரைபடத்தில் ஒரு அங்குலம் தவறினால் நிலத்தில் பத்து மைல் தவறும். வருடக் கணக்கில் அது எவ்வளவு?

பிப்ரவரி 18, ஞாயிறு

வேன் காப்பீட்டுக்காக வருகிறவர்கள் எல்லாரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வாங்கி வைப்பது நானாம். டெல்ஃபீன் ஏற்பாடு. கர்த்தருக்கும் கேலி தெரியும் போல.

யூலா வரிசையில் நின்று, படிவத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "கையிலயே குடுத்துட்டேன் வெர்னா. அப்புறம் தொலைச்சுட்டேன்னு சொல்லாதீங்க. தொலைக்கற பழக்கம் என் மவனுக்குத்தான்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்தேனே!

பிப்ரவரி 19, திங்கள்

தையல் பெட்டியின் அடியிலிருந்து பழைய சீட்டை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

பிப்ரவரி 24, சனி

ருடெல் ஹீட்டரைப் பார்க்க வந்தான். வேலை முடிந்ததும் இனிப்புத் தேநீர் கொடுத்தேன். சீட்டை மேசையில் வைத்தேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"தெரியும் டீச்சர். நீங்க மேப் புஸ்தகத்துல வைக்கறதப் பாத்தேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே. 'மேப் புஸ்தகத்துல இருக்கு'ன்னு. பஸ் ஹாரன் அடிச்சுட்டிருந்துச்சு. நீங்க திரும்பிப் பாக்கல."

ஆம். சொன்னான். பன்னிரண்டாம் தேதி இங்கே எழுதியபோது அதை விட்டுவிட்டேன். யாரும் படிக்காத நோட்டில்கூட எனக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறேன். அட்லஸ் மேசைமேல்தான் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு தூரம்.

தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு இது வேணாம் டீச்சர். எங்கம்மாகிட்ட குடுங்க. அம்மா என்னைய ஒரே ஒரு தடவதான் அடிச்சிருக்காங்க. சீட்டத் தொலைச்சதுக்கு."

பிப்ரவரி 27, செவ்வாய்

யூலா வீடு. சீட்டைக் கொடுத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். 'மேப் புஸ்தகத்துல இருக்கு' உட்பட. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கோழி வறுத்து அட்டைப்பெட்டில கட்டிக் குடுத்தேன் அன்னிக்கு. அப்படியே திருப்பிக் கொண்டாந்தான். எதுக்கு அடிச்சேன்னு தெரியுமா? தொலைச்சதுக்கு இல்ல. டீச்சரம்மா மேல பழி போடறானேன்னு."

கதவை நானே திறந்துகொண்டு வந்தேன்.

பிப்ரவரி 28, புதன்

மன்னிப்புக் கேட்டால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. யூலாவுக்குக் கூடியிருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு ஞாயிறாக யூலா வேறு பக்கம் உட்காருகிறாள். டெல்ஃபீன் மோப்பம் பிடித்துவிட்டாள்: "ரெண்டு பேருக்கும் என்ன, சர்ச் விருந்துல பாத்திரம் மாறிப்போச்சா?" ஆராதனை முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் யூலாவே என்னிடம் வந்தாள். நாற்பது வருடமாக 'நீங்க' என்றவள்.

"நீ வராத, வெர்னா. அன்னிக்கு வண்டி கிளம்பறப்ப நீ வந்து நில்லு. நாங்க ஏறிப் போறதப் பாரு. அப்புறம் போயி நூலகத்துல உக்காரு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"சரி" என்றேன். இதைவிடக் குறைந்த தண்டனை எனக்குப் போதும் என்று தோன்றவில்லை.

மார்ச் 20, புதன்

திட்டத்தைச் சுத்தமாக எழுதி ருடெலிடம் கொடுத்தேன். எங்கே திரும்புவது, எந்தப் பெஞ்சில் நிழல், லிஃப்டுக்கு எந்த வாசல். டெல்ஃபீனிடம் முழங்கால் வலி என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்ததை மாற்றி உண்மையைச் சொன்னேன்.

மார்ச் 23, சனி

காலை ஏழு மணிக்குச் சர்ச் வாசலில் போய் நின்றேன். பதினோரு பேர் ஏறினார்கள். என் இருக்கை காலி. யூலா முன்னிருக்கையில், மகன் பக்கத்தில், மடியில் ஒரு அட்டைப்பெட்டி. வறுத்த கோழி வாசனை. ருடெல் ஹாரன் அடிக்காமல் கிளப்பினான்.

நகர நூலகம் ஒன்பதுக்குத் திறந்தது. ஜன்னல் ஓர மேசை. கட்டுரை எழுதப் பார்த்தேன். சவானாவின் ஆற்றங்கரைத் தெரு, சரக்கில்லாத கப்பல்கள் கவிழாமலிருக்க ஏற்றி வந்த கற்களால் போட்டது. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளிடம் ஆசையாகச் சொன்ன விஷயம். அதற்குமேல் ஒரு வரி வரவில்லை. அவன் அன்று நான்கு பக்கம் எழுதியிருந்தான். பிழை இல்லை. நான் மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். நூலகத்தில் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. இரண்டரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மாலை ஏழரைக்குச் சர்ச் வாசலில் நின்றிருந்தேன், வேன் திரும்பியது. ருடெல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். மூக்கு வெயிலில் கன்றியிருந்தது.

"உங்க கணக்கு தப்பு டீச்சர். கப்பல் அம்பது நிமிஷம் லேட்டு. வேற எடம் பாக்கலாம்னு டெல்ஃபீன் கத்துனாங்க. அம்மா நகர மாட்டேன்னுட்டாங்க."

"பார்த்தீங்களா?"

"பாத்தோம். அடேயப்பா!"

யூலா கைத்தடியை ஊன்றி மெதுவாக இறங்கினாள். என்னைக் கடந்து இரண்டு எட்டு போனாள். நின்றாள். கைப்பையிலிருந்து சவானாவில் வாங்கி மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு பிரலீன் மிட்டாயை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"ஈரத்துல பிசுபிசுத்துடும். எங்கயும் வச்சுடாத. இப்பவே தின்னு."

அங்கேயே நின்று தின்றேன். முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.