தோற்றம் 1904 – மறைவு 1971

ஜூன் 9, 2024. ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொல்: இது என் மெட்டு.

பருத்திப்பட்டு இசை மன்றத்தில் ஒத்திகை. மற்றவர்கள் வருவதற்குள் வீணையில் வாசித்துக்கொண்டிருந்தேன். செயலாளர் திருவேங்கடம் சார் (மண்டபம் அவருடையது, நாற்காலிகள் அவருடையவை, கருத்துகளும் அவருடையவை) செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஆளை அப்டியே இழுக்குது? யாரு போட்டது?"

போன வருடம் இதே மெட்டை எழுதிக் கொடுத்தேன். வாசிக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. "பெரியவங்க போட்டது ஆயிரம் கீது. நாம எதுக்கும்மா சொந்தமா?" என்று சொல்லி அந்தத் தாளால் விசிறிக்கொண்டார். நிஜமாகவே. அன்று கரண்ட் இல்லை.

அதனால் இன்று வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "துருக்கிக்காரர் ஒருத்தர், சார். இஸ்கெந்தர் ஹாலித்."

ஏன் துருக்கி? மூன்று மாதமாக மண்ணூர்பேட்டைக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காதில் தன்பூர்தான். நீளக் கழுத்துள்ள துருக்கி வாத்தியம். ஒரு நரம்பை மீட்டிவிட்டு அது முழுசாக அடங்கும்வரை அவசரப்படாது. கையில் இருந்த நாடு அதுதான்.

"செப்டம்பர் ஆண்டு விழாவுல வெச்சிரு" என்றார். ஒரு வருடமாக நான் கேட்டுக் கிடைக்காததை இல்லாத ஒரு ஆள் ஒரு நிமிடத்தில் வாங்கிவிட்டார்.

ஜூன் 12

இஸ்கெந்தர் ஹாலித். பிறந்தது 1904, இஸ்மிரில். அப்பா படகு கட்டுபவர். பையன் பத்து வயதில் படகுப் பலகையில் கம்பி இழுத்துக் கட்டி வாசித்தான். (பலகை வீணானதற்கு அடி.) பகலில் துறைமுகத்தில் சரக்கு அளக்கும் வேலை. நானும் பகலெல்லாம் நட்டும் போல்ட்டும்தானே அளக்கிறேன்? மனிதருக்கு ஒரு வேலை வேண்டாமா.

கல்யாணம் செய்து வைக்கவில்லை. பிழைத்துப் போகட்டும்.

ஜூன் 16. ஞாயிறு

ஒத்திகையில் எல்லாரையும் உட்காரவைத்து, ஹாலித்தின் கதையைச் சொல்லச் சொன்னார் திருவேங்கடம் சார். கையெழுத்துப் பிரதியோடு ஹாலித் இஸ்தான்புல் இசைச் சங்கத்துக்குப் போன இடத்தை மட்டும் கொஞ்சம் ஆசையாகச் சொல்லிவிட்டேன். அந்தச் சங்கத்துச் செயலாளர் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெரிய வித்துவான்கள் இருக்கும்போது நீ எதற்கு என்று கேட்டுவிட்டு அதாலேயே விசிறிக்கொண்டார்.

திருவேங்கடம் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா மனுசன்மா அவன்! கேட்டுப் பாக்கறதுக்கு இன்னா கேடு? இவனுங்கள்லாம் சங்கம் நடத்த வந்துட்டானுங்க!"

"ஆமாம் சார்" என்றேன்.

புல்லாங்குழல் யூசுப் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். போன வருடம் அந்த விசிறலை நேரில் பார்த்தவன் அவன்.

ஜூன் 17

இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று தெரிந்திருந்தால் சேல்ஸுக்குப் போயிருப்பேன்.

ஜூன் 30. ஞாயிறு

ஹாலித் எப்போது இறந்தார் என்று திருவேங்கடம் சார் கேட்டார். யோசிக்காமல் 1971, ஜூலை பதினாலு என்றேன். அது தப்பு. அக்டோபர் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அட, ரெண்டு வாரந்தான் கீது! நினைவஞ்சலி வெச்சிடலாம். நீ பத்து நிமிசம் பேசு. யூசுப்பு, ஃப்ளெக்ஸ் உன்னுது."

ஆவடி மார்க்கெட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான் யூசுப். போட்டோ வேண்டும் என்றான்.

போட்டோ. இல்லாத மனிதருக்கு.

ஜூலை 3

அப்பாவின் பழைய ஆல்பம். அப்பா டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தபோது, 1989இல், குவார்ட்டர்ஸ் நாடகத்தில் சுல்தானாக நடித்தார். சிவப்புக் குல்லா, ஒட்டு மீசை, தூரத்தில் எதையோ இழந்தவர் மாதிரி ஒரு பார்வை. (வசனம் மறந்துவிட்டதாம்.) இப்போது மீசையும் இல்லை, முடியும் இல்லை. நாங்கள் குவார்ட்டர்ஸை விட்டு இங்கே வந்து பல வருடம். மன்றத்தில் அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை.

யாருக்குத் தெரியப்போகிறது?

யூசுப்புக்கு அனுப்பிவிட்டேன். "செம கெத்தா கீறாரு" என்று பதில்.

ஜூலை 12. வெள்ளி

ஐயோ.

காலையில் கதவு தட்டும் சத்தம். அப்பா போய்த் திறந்தார். வாசலில் சிவராமன் மாமா, அப்பாவோடு ஃபேக்டரியில் இருந்தவர், கையில் ரோஜா மாலை. அப்பாவைப் பார்த்ததும் மாலை கீழே விழுந்தது. மாமாவும் விழுந்திருப்பார், கதவு பிடித்துக்கொண்டது.

"ஆனந்தா... நீ..."

"என்னடா, மாலையெல்லாம்? யாருக்குக் கல்யாணம்?"

பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் பத்தடி ஃப்ளெக்ஸ். யூசுப் சும்மா விடுவானா! கடையில் எல்லாருக்கும் போடும் அதே டிசைன்: இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வெள்ளைப் புறா, தோற்றம், மறைவு, நடுவில் குல்லாவோடு என் அப்பா. அந்த நாடகத்தில் சிவராமன் மாமாதான் மந்திரி. ஒட்டு மீசை அவரை ஏமாற்றுமா? முகத்தையும் 'மறைவு' என்பதையும்தான் பார்த்தாராம். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான்.

அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "உயிரோட இருக்கற மனுஷனுக்கு விளக்கு வச்சிருக்கியேடி! நீ படிச்ச படிப்புக்கு இதுதானா? என் தாலி உனக்கு விளையாட்டா?"

அழுதாள். இப்படி ஆகும்னு நான் நினைக்கவே இல்ல — நினைச்சிருக்கணும்ல?

அப்பா மெதுவாக நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் என்ன வாசிப்பேன்?"

"தன்பூர்."

"நல்லா வாசிப்பேனா?"

"ரொம்ப."

கொஞ்சம் சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு, "அந்தப் பாட்டு யாருது?"

"என்னுது."

"அப்ப என் மூஞ்சி எதுக்கு அங்க?"

 

ஜூலை 13

சொல்லிவிட்டால் மெட்டு ஆண்டு விழாவிலிருந்து போய்விடும். நிச்சயம். சொல்லாவிட்டால் அது எல்லார் வாயிலும் இருக்கும், ஹாலித்தின் மெட்டாக. எது பரவாயில்லை? கையில் எடுத்த புத்தகத்தில் மதியம் முழுக்கப் படித்தது ஒரே பக்கம்.

ஜூலை 14. ஞாயிறு

"என் நினைவஞ்சலிக்கு நானே போகலேன்னா எப்படி?" என்று அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் வரிசையில் உட்கார்ந்தார். அம்மா வரவில்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அவிழ்த்த ஃப்ளெக்ஸ் மேடையில். என்ன பேசினேன் என்பது முழுசாக நினைவில்லை. படகுக்காரர் மகன், துறைமுகம் வரை சொன்னேன். பிறகு முதல் வரிசையில் அப்பா முகம் கண்ணில் பட்டது. "இப்படி ஒருத்தர் இல்ல. போட்டோவுல இருக்கறது எங்கப்பா, அதோ உக்காந்திருக்காரு. மெட்டு நான் போட்டது. மன்னிச்சிடுங்க" என்றேன்.

எல்லாத் தலையும் ஃப்ளெக்ஸைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. அப்பா எழுந்து கும்பிட்டார். ஏன் கும்பிட்டார்?

படத்துக்குப் போட எடுத்த மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருவேங்கடம் சார் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"படகு?"

"இல்ல, சார்."

"இஸ்மிரு?"

"ஊர் இருக்கு. அவர் இல்ல."

"அப்போ அந்த விசிறிக்கினு இருந்த செகரட்டரி?"

"அவர் மட்டும் நிஜம், சார்."

யூசுப் இருமினான். சிரிப்பை இருமலாக்கினான் என்று நினைக்கிறேன். திருவேங்கடம் சார் மாலையை ஒரு நாற்காலி மேல் வைத்தார். "வெச்சிக்கிறதா வேணாவான்னு கமிட்டி சொல்லும்" என்றார். கமிட்டி என்றால் அவர்தான்.

செப்டம்பர் 22. ஞாயிறு

ஆண்டு விழா. நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. இசை: ஆ. ஜெயப்பிரியா. முன்பு இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள், இப்போது ஆறு. வாசிக்க ஆரம்பித்ததும் பின்வரிசையில் ஒன்பது பேர் எழுந்து காபி குடிக்கப் போனார்கள். இதே மெட்டு துருக்கியருடையதாக இருந்த நாளில் ஒத்திகைக்கு வந்தவர்கள்கூட எழுந்ததில்லை. திருவேங்கடம் சார் போகவில்லை. நான் ஆறு நிமிடமும் வாசித்தேன்.