ஏழாவது விதி

12.2.1989, ஞாயிறு

ராஜபாளையம் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தேன். மில் தொழிலாளி செல்வராஜுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை. சாயங்காலம் நான் பார்க்கப் போயிருந்த குத்துச்சண்டைப் போட்டியில் மூன்றாவது ரவுண்டில் விழுந்தவன். மேடைப் பக்கத்தில் டாக்டரே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில், போட்டி நடத்திய அண்ணாச்சியிடம் கத்தினேன்.

"நீங்கதான சார் அந்த விதியெல்லாம் செல்லாதுன்னு கோர்ட்ல தீர்ப்பு வாங்கித் தந்திய? பொறவு டாக்டர் எதுக்கு?" என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

லைசென்ஸ் இல்லாமல் போட்டி வைத்தார் என்று போன வருஷம் அவர் மேல் கேஸ். லைசென்ஸ் கேட்கும் அந்த அரசாங்க விதிகள் கெஜட்டில் முறைப்படி வெளியாகவில்லை, அதனால் மொத்தமும் செல்லாது என்று வாதாடி ஜெயித்தேன். கோர்ட் பார் ரூமில் வக்கீல்கள் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தேன். மேடையருகே டாக்டர் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் ஏழாவதாக இருந்தது. படிக்காமல் இல்லை.

கிளம்பும்போது செல்வராஜின் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க வக்கீலாமே. டாக்டர் வைக்காம நடத்துனவன் மேல கேஸ் போடுங்க சார்."

சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேஸ் நிற்க வேண்டுமென்றால் எனக்கு அந்த ஏழாவது விதி வேண்டும்.