மாடு என்று சொன்னீர்களே, மச்சாள்

மச்சாள்,

இன்று காலை பக்கத்து வீட்டு மாடு வேலிக்குள் தலையை நீட்டி என் கத்தரிக் கன்றை மென்றுகொண்டு நின்றது. "கட்டையில போற மாடே!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அது உங்கள் வசவு. நின்று சிரித்தேன், பிறகு அழுகையும் வந்தது.

சண்டைக் காலத்தில், பொழுது பட்டால் வயல் வட்டைப் பக்கம் வெளிச்சம் தெரியக்கூடாது என்று உத்தரவு. உங்கள் புருசன், என் அண்ணன், பயிர்க் காவலுக்கு விளக்கில்லாமல் பரணில் போய்க் கிடப்பார். இருட்டில் ஆள் அசைந்தால் ரோந்து வருகிறவர்கள் சுட்டுவிடுவார்களே என்று நாம் இருவரும் செத்துச் செத்துப் பிழைத்தோம்.

அப்போதுதான் கோயில் மண்டபத்தில் பொலிஸ் கூட்டம் வைத்தது. "உங்கட ஊருக்கு முதல்ல என்ன பாதுகாப்பு வேணும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். யார் வாய் திறப்பார்? களவு என்றால் ஆளைக் காட்டச் சொல்வார்கள். புது ஆட்கள் நடமாட்டம் என்றால் அன்றைக்கே எவனையாவது ஜீப்பில் ஏற்றுவார்கள். நீங்கள் எழும்பினீர்கள்.

"மாடு, ஐயா."

"மாட்டுக் களவா?"

"இல்ல ஐயா, மாடுதான் களவெடுக்குது. கதிர் வாற பயிரெல்லாம் போச்சி. நீங்க வந்து துரத்துங்க, இல்லாட்டி எங்கட ஆம்பிளையள விளக்கோட போக உடுங்க."

மண்டபமே சிரித்தது. மாடு துரத்த இன்ஸ்பெக்டருக்கு என்ன பைத்தியமா? பரணில் விளக்கு வைக்கலாம், ஆமி முகாமுக்கும் அறிவிக்கிறேன் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "மெய்யாவே மாட்டுக்குத்தானா எழும்பினீங்க?"

"பின்ன? உன்ட கொண்ணனுக்கா?" என்றீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபின் அண்ணனிடம் கேட்டேன்.

"அந்தப் போகம் மாடு எங்க இறங்கிச்சி? பன்றிதான். பன்றி எண்டு சொல்லியிருந்தா, சுட்டுத்தாறம் எண்டு துவக்கோட வட்டைக்க இறங்கியிருப்பானுகள். நான் அங்கதானே கிடந்தன்."

இப்போது நானும் ஊர்ப் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறேன். எது முதலில் வேண்டும் என்று பொலிஸ் கேட்டால், அதன் பின்னால் ஊருக்குள் என்னென்ன வரும் என்று யோசித்துவிட்டுத்தான் எழும்புகிறேன். எனக்கு அதற்கு நேரம் எடுக்கிறது. அத்தனை பேர் முன்னால் நீங்கள் எப்படி மச்சாள், அவ்வளவு கெதியாக யோசித்தீர்கள்? அண்ணனுக்கும் தெரியாதாம்.