ஆட்சேபணை உண்டா?

21.1.2002, திங்கள்
பனி. பத்து மணி வரை பருத்திக்காடு கண்ணில் படவில்லை. இன்றைக்கு: அடங்கல் கணக்கு முடிக்க, சைக்கிளுக்குக் காற்று, மல்லிகாவுக்குத் தைலம்.

தாலுகா ஆபீஸில் ஒரு கடிதம் தந்தார்கள். எங்கள் ஊர் ராசேந்திரன், தபாலாபீஸில் குண்டு வைத்து ஆயுள் தண்டனையில் இருப்பவன். தொண்டையில் புற்று, முற்றிவிட்டது. சாக வீட்டுக்கு அனுப்பலாமா என்று கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தர வேண்டும். அதாவது நான். கேள்வி இரண்டு. ஏற்க வீடு உண்டா? ஊரில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

அந்தக் குண்டில் செத்தவர் ஒருவர்தான். சேகர் மச்சான், மல்லிகாவின் அண்ணன். எங்கள் கல்யாணப் பத்திரிகைகளைத் தபாலில் சேர்க்கப் போனவர்.

கடிதம் பையில். வீட்டில் சொல்லவில்லை.

22.1, செவ்வாய்
கனவு. மச்சான் ஈரக்காலோடு வந்து, "டீ இருக்கா மாப்ள?" என்றார். இல்லை என்றேன். பரவாயில்லை என்று பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்துகொண்டார். முகத்தில் கோபமே இல்லை.

எழுந்து பார்த்தால் வாசலில் ஈரம். மல்லிகா தெளித்த தண்ணீர். பாதித் தூக்கத்திலேயே என் பிழைப்பு ஓடுகிறது.

24.1, வியாழன்
ராசேந்திரனின் அப்பா பொன்னுசாமி அண்ணனைப் பார்க்கப் போனேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு வந்த வாரமே, உயிரோடு இருக்கும் மகனுக்குக் கருமாதி செய்தவர். மொட்டை, எள், தண்ணீர், எல்லாம் முறைப்படி.

"அவன் வந்தா வூட்டுல சேப்பீங்களாண்ணே?"

"செத்தவனுக்கு எதுக்குங்க வூடு?"

சைக்கிளை எடுத்தேன். பின்னாலேயே வந்தார். மடியில் இருந்த பஞ்சு வழியெல்லாம் சிந்தியது.

"கருமாதி ஆனவன் தலைவாசல் வழியா வரக்கூடாதுங்க. கொல்லப் பக்கம் கீத்தப் பிரிச்சுத்தான் கொண்டாரணும், புதுசாப் பொறந்தவனாட்டம். அத்த முறைக்காரி புதுப் பேரு வெக்கணும்." சற்று நின்று, "இந்த ஊர்ல அவனுக்கு அத்த முறை ஒங்க சம்சாரம்தான்."

அவருக்குப் பங்காளி வீட்டுப் பெண் மல்லிகா. முறை சரிதான்.

26.1, சனி
பள்ளிக்கூடத்தில் கொடி, மிட்டாய். டீக்கடையில் இதே பேச்சு.

"சேகரு சாவுறப்ப அவன யாரு வூட்டுக்கு அனுப்பி வெச்சா?"

"சாவப்போற மனுசன்யா."

"மனுசனா அவன்?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. இதுதான் என் வியாதி. அங்கே ஒருவன் கஞ்சி இறங்காமல் கிடக்கிறான். நான் பெண்டாட்டிக்குப் பயந்து கடிதத்தைப் பையில் சுமக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

28.1, திங்கள்
டிபன் பாக்ஸ் எடுக்கப் போன மல்லிகா கடிதத்தையும் எடுத்துவிட்டாள். படித்தாள். திரும்ப வெண்டைக்காய் அரிய உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா வெச்சிருக்கீங்க?"

"ஒரு வாரமா."

"எங்கிட்ட கேக்கவே இல்ல."

காய் முழுக்க அரிந்து முடித்த பிறகு சொன்னாள்.

"ஆட்சேபணை இல்லன்னு எழுதாதீங்க. எனக்கு இருக்கு. எம் பேரு போட்டே எழுதுங்க."

சரி என்றேன்.

"இருந்தாலும் வரட்டும்னு எழுதுங்க."

எழுதினேன். வீடு உண்டு, கொல்லை வழி. ஆட்சேபணை உண்டு. அனுப்பலாம். படித்த தாசில்தார், "என்னய்யா இது? உண்டா, இல்லையா?" என்றார்.

"உண்டு சார். வரட்டும் சார்."

பிறகு மேலே அனுப்பக் கையெழுத்துப் போட்டார்.

2.3, சனி
வெயில் ஏறிவிட்டது. காலை பதினோரு மணிக்கு ஆம்புலன்ஸ், கூட இரண்டு போலீஸ். பொன்னுசாமி அண்ணன் தனியாளாகக் கொல்லைப் பக்கத்துக் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். தெருவில் கதவுகள் சாத்திக் கிடந்தன. மல்லிகா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் எலும்பும் போர்வையும். ராசேந்திரனுக்குப் பேச்சு வரவில்லை. அவளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு பேரு சொல்லும்மா தங்கச்சி."

"மாத்த மாட்டேண்ணே. எங்கண்ணனக் கொன்னவன் இவன்தான். ராசேந்திரனாவே உள்ள போவட்டும்."

பொன்னுசாமி அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பிரித்த கீற்று பாதியில் சரிந்து வழியை மறைத்தது. மல்லிகா போய் ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நிக்கிறீங்களே. அந்தப் பக்கம் புடிங்க."